எண்ணெய் தடவிய பக்கம்

பிப்ரவரி 3

குட்டிக்கு,

நான்தான், அண்ணி. உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போடத் தோன்றியிருக்கும். கிழி, வேண்டாமென்று சொல்லவில்லை. படித்துவிட்டுக் கிழி.

போனில் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் கொஞ்ச நேரம் நீ பேசாமல் இருப்பாய், பிறகு நான் கத்துவேன். அடுத்த அறையில் உன் அண்ணன் இருக்கிறார். இந்த வீட்டுச் சுவரெல்லாம் ஒரு சுவரா, அட்டைப் பெட்டி. அதனால்தான் எழுதுகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இவருடைய கிளைடரின், அதுதான் ரிமோட் வைத்துப் பறக்கவிடுகிற அந்த எஞ்சின் இல்லாத பொம்மை விமானத்தின், இறக்கைகளை நான் முறித்துப் போட்டேனே, அவற்றைத் திரும்பச் செய்ய வேண்டும். எப்படிச் செய்வது என்று எனக்கு ஒரு எழவும் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். இன்னொருத்தி நீ.

இப்போது என்ன திடீர் ஞானோதயம் என்று கேட்பாய். மரத்திலிருந்து விழுந்ததில் இவருக்குக் கால்தான் போனது, கை இரண்டும் கல்லு மாதிரி இருக்கின்றன. ஆனால் அந்தக் கையை எதற்கும் தூக்க மாட்டேன் என்கிறார். தட்டு வைத்தால் சாப்பிடுகிறார். எடுத்தால் விட்டுவிடுகிறார். சக்கர நாற்காலி வந்த நாளிலிருந்து என் துணி மூட்டையைத்தான் சுமக்கிறது. பயிற்சி கொடுக்க வருகிற அம்மா போன வாரம் என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, "இவருக்கு ஏதாவது ஒண்ணு வேணும்னு தோணணும்மா. இல்லேன்னா நல்லா இருக்கற கையும் சூம்பிப் போயிடும்"னு சொல்லிவிட்டுப் போனார். சீட்டுக்கட்டு வாங்கிக் கொடுத்தேன். சிநேகிதர்களை வரவழைத்தேன். அவர்கள் வந்ததும் தூங்குகிற மாதிரி நடித்தார், பாவி மனுஷன்.

அப்புறம் ஒரு நாள் அவர் அறை ஜன்னலைத் திறந்தேன். அந்தக் கிளைடரின் உடல் மட்டும், இறக்கை இல்லாமல், இன்னும் அவர் கட்டிலுக்கு மேலே நூலில் தொங்குகிறது. காற்று பட்டதும் அது மெல்லத் திரும்பி, மூக்கை ஜன்னல் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. நான் துணி மடித்து முடிக்கிற வரைக்கும் உன் அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், குட்டி. "செஞ்சு பாருங்களேன்" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவரிடம் சொல்லாமல் செய்யப் போகிறேன். நீயே செய்து அனுப்பிவிடு என்று கேட்க மாட்டேன். முறித்தவள் நான். எப்படி என்று மட்டும் எழுது.

அண்ணி


பிப்ரவரி 12

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை. பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். இன்றைக்குத்தான் பதில் எழுத மனசு வந்தது.

வேலையைப் பேசுவதற்கு முன்னால் ஒன்று. என் கிளைடரை அந்த மரத்தில் கொண்டுபோய்ச் சொருகியது நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. "விட்டுடுண்ணா, போனா போகுது, ஏறாத" என்று கீழே நின்று கதறியவளும் நான்தான். அதை நீங்கள் கேட்கவே இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் எதிரில், "இனிமே என் கண்ணு முன்னாடி வராத" என்றீர்கள். அதே ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தவள் நான். என்னோடு வேலை செய்தவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்புறம் என் துணிமணியை எடுக்க வீட்டுக்கு வந்தபோது, என் எதிரிலேயே அண்ணனின் இறக்கையை முழங்காலில் வைத்து மடக் மடக்கென்று முறித்தீர்கள். என்னுடையது மரத்தோடு போய்விட்டது. அண்ணனுடையது உங்களை என்ன செய்தது?

நீங்கள் சொன்னபடி உங்கள் கண் முன்னால் வராமல்தான் இருக்கிறேன். மாற்றல் வாங்கிக்கொண்டு இந்த ஊருக்கு வந்ததும் அதற்குத்தான். இனியும் வர மாட்டேன். இறக்கை வரும்.

ஆளுக்கு ஒன்று செய்வோம். இரண்டையும் நீங்கள் ஒருத்தரே செய்தால் ஜென்மம் முடிந்துவிடும்.

இத்துடன் பால்சாத் தகடுகள், வரைபடத்தின் நகல், தகர அச்சு ஒன்று, வெட்டுகிற பிளேடு, கடைசியில் மேலே ஒட்டிச் சூடு காட்டுகிற சுருங்கும் தாள் எல்லாம் அனுப்பியிருக்கிறேன். பால்சா என்பது மரம்தான், ஆனால் அழுத்திப் பிடித்தால் நகம் பதியும். மரம் என்று நினைத்து முரட்டுத்தனம் காட்டாதீர்கள். அச்சைத் தகட்டின் மேல் வைத்து ஒரே மாதிரி துண்டுகள் வெட்ட வேண்டும். அண்ணன் அவற்றை விலா என்பார். அடிப்பக்கம் தட்டை, மேல்பக்கம் வளைவு, முன்பக்கம் தடிமன், பின்பக்கம் மெல்லிசு. வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, நீளச் சட்டங்களைக் குண்டூசியால் நிறுத்தி, விலாக்களை ஒவ்வொன்றாக நட்டுப் பசை வைக்க வேண்டும். பிளாஸ்டிக்கை மறந்தால் இறக்கை வரைபடத்தோடு சேர்ந்து வரும்.

வரைபடத்தில் இடது இறக்கை மட்டும்தான் இருக்கும். வலதுக்குத் தனிப் படம் கிடையாது. அதே தாளில் எண்ணெய் தடவி, கோடுகள் மறுபக்கம் தெரிகிற மாதிரி செய்து, திருப்பிப் போட்டு அதன்மேல் கட்ட வேண்டும். மகா தொல்லை. கோடு மங்கும், எண்ணெல்லாம் தலைகீழாகத் தெரியும், கையில் பிசுபிசுப்பு, பசை பிடிக்காது. அண்ணன் ஒரு தடவைகூட அந்தப் பக்கத்தை என் கையில் கொடுத்தது கிடையாது. "நீ நல்ல தாள்ல செய், அழுக்குத் தாள் எனக்கு" என்பார்.

சந்தேகம் இருந்தால் எழுதுங்கள்.

குட்டி


மார்ச் 1

குட்டிக்கு,

உன் திட்டெல்லாம் வந்து சேர்ந்தது. முழுசாக வாங்கிக்கொண்டேன். "ஏறாத" என்று நீ கத்தியது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. நான் யாரையும் கேட்கவும் இல்லை. இப்போது தெரிந்துகொண்டேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, ஆகவே மரத்தைப் பற்றி எழுதுகிறேன்.

இது மரமா? தையல் கடை தொடங்கிய காலத்திலிருந்து கத்தரிக்கோல் பிடிக்கிறேன். பள்ளிக்கூடச் சட்டை வெட்டி வெட்டி என் கட்டைவிரல் காய்த்துக் கிடக்கிறது. அந்தக் கையால் இந்தத் தகட்டைத் தொட்டேன், பொடிந்து போனது. முதலில் வெட்டிய விலாக்களை நீ பார்த்திருந்தால் எலி கடித்த பிஸ்கட் என்று சொல்லியிருப்பாய். எனக்கு வந்த கோபத்துக்கு ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். இன்னொரு தடவை முறித்தால் உனக்கு என்ன பதில் சொல்வது என்று பயந்து பிளேடைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரி குடும்ப வம்பு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வந்தேன்.

அப்புறம்தான் புத்தி வந்தது. பட்டுத்துணி வெட்டுகிற மாதிரி வெட்டிப் பார்த்தேன். அழுத்தாமல், ஒரே கோட்டில் திரும்பத் திரும்பப் பிளேடை ஓட்டினால் தானாக விட்டுக்கொடுக்கிறது. இப்போது விலா எல்லாம் அச்சு வார்த்த மாதிரி இருக்கிறது. இதைப் பீற்றிக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை, உன்னிடம் சொல்கிறேன்.

வேலையைத் தையல் அறையில், வெட்டுகிற மேசையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். கதவைச் சாத்திக்கொள்கிறேன். குண்டூசிக்கு என்னிடம் பஞ்சமா? சீருடை கேட்டு வந்த ஒரு அம்மா மேசையைப் பார்த்துவிட்டு, "மீன் முள்ளா, இவ்வளவு பெருசா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி அனுப்பினேன்.

எண்ணெய்த் தாள் சமாசாரம் படித்தேன். உனக்கு அது எவ்வளவு எரிச்சல் என்று எழுத்திலேயே தெரிகிறது. சட்டைக்கு இடது கை, வலது கை வெட்டத் தாளைத் திருப்பிப் போடுவது என் பிழைப்பு. இதெல்லாம் எனக்கு ஒரு விஷயமே இல்லை. நீ டியூட்டி பார்த்துவிட்டு வந்து செய்கிறாய், நிதானமாகச் செய்.

ஒரே ஒரு கேள்வி. பசை காய்கிற வரைக்கும் சட்டத்தைக் கையால் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டுமா? நேற்று நின்றேன். இடுப்பு கழன்றுவிட்டது.

அண்ணி


மார்ச் 9

அண்ணிக்கு,

ஐயோ, பிடித்துக்கொண்டு நிற்பார்களா? கனமாக எதையாவது மேலே வையுங்கள். அண்ணன் உங்கள் இஸ்திரிப் பெட்டியைத் திருடிக்கொண்டு போய் வைப்பார். "என் பெட்டி எங்கே?" என்று நீங்கள் வீட்டைப் புரட்டிப் போட்ட நாளெல்லாம் அது எங்கள் இறக்கையின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். இவ்வளவு நாள் கழித்துக் காட்டிக்கொடுக்கிறேன், அண்ணன் மன்னிக்கட்டும்.

மீன் முள்ளைப் படித்துவிட்டு பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

உங்கள் கடிதத்தின் ஓரத்தில் எண்ணெய்க் கறை இருந்தது. மெஷினுக்கு எண்ணெய் போட்ட கையோடு எழுதினீர்களா? அந்தக் கையோடு கட்டையைத் தொடாதீர்கள், பசை பிடிக்காது.

என்னுடையது பாதிக்கு மேல் வந்துவிட்டது. இங்கே எனக்கு இருப்பது ஒரே அறை. கட்டிலைச் சுவரோடு நிமிர்த்திவிட்டுத் தரையில் பலகையைப் போட்டுக்கொண்டு செய்கிறேன். வீட்டுக்கார அம்மா தட்டினால் எல்லாவற்றையும் போர்வையால் மூடுகிறேன். இந்தப் பெண் எதையோ மறைக்கிறது என்று அவருக்குச் சந்தேகம்.

பகல் முழுக்க யாருடைய விலா எலும்பையாவது படம் எடுக்கிறேன். நேற்று ஒரு பெரியவருக்கு மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அவர் விலா எலும்புகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். அவர் முகம் சிவந்து, "விடலாமா அம்மா?" என்று கேட்டார். அண்ணனுக்குப் படம் எடுத்ததும் நான்தான், உங்களுக்குத் தெரியுமா? அன்றைக்கு வேறு ஆள் இல்லை. திரையில் முதுகெலும்பு வந்தபோதே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. டாக்டர் உங்களிடம் சொல்வதற்கு முன்னால் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்த வராந்தாவில் உங்கள் எதிரில் வந்து நின்றேன். உங்களைக் கட்டிக்கொண்டு அழலாம் என்று வந்தேன்.

போகட்டும். அண்ணன் என்னை எப்போதாவது கேட்டாரா?

குட்டி


மார்ச் 23

குட்டிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு மெஷினில் உட்காரவே இல்லை. நீதான் படம் எடுத்தாய் என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அப்படியே திரும்பிப் போனாயே. உன் முதுகு எனக்கு இன்னும் தெரிகிறது.

நீ கேட்டதற்கு உண்மையைச் சொல்கிறேன். உன்னைக் கேட்கவில்லை. யாரையுமே கேட்கவில்லை. ஆனால் உன் அறைக் கதவை நான் சாத்தினால் மட்டும், "தொறந்து வை" என்கிறார். அவர் படுத்திருக்கிற இடத்திலிருந்து உன் கதவு தெரியும். தினமும் நான் மறந்து சாத்துகிறேன், தினமும் சொல்கிறார். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும்.

இன்னொன்று கேள். விலாவெல்லாம் காய்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மெதுவாகத்தான் தேய்த்தேன். அவர் அறையிலிருந்து குரல் வந்தது, "நார் ஓடற பக்கமா தேய்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நாற்காலிக் காலைத் தேய்க்கிறேன்" என்று கத்தினேன். அப்புறம், "நாற்காலிக் கால் இவ்வளவு மெல்லிசா கத்தாது" என்றார். நான் உப்புத்தாளைக் கீழே வைத்தேன். போய்ப் பார்த்தால் பழையபடி சுவர். ஆனால் நார் ஓடுகிற பக்கமாகத் தேய்த்தேன், பளபளவென்று வந்தது.

மேலே ஒட்டுகிற சுருங்கும் தாளும் போட்டாயிற்று. இஸ்திரி போடுவதில் எனக்கு நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்தாலும் ஈடில்லை. ஒரு பக்கமே சூடு காட்டினால் இறக்கை முறுக்கிக்கொள்கிறது என்று தெரிந்ததும், மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை என்று மாற்றி மாற்றி இழுத்தேன். தாள் முரசு மாதிரி விறைத்து நிற்கிறது. தட்டினால் சத்தம் வருகிறது. ஐந்து பேர் வேலை செய்கிற கடையில்கூட இப்படி வராது.

நீ முடித்ததும் அனுப்பு. சேர்த்துப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. இரண்டையும் உடலில் மாட்டி, அவர் கட்டிலுக்கு மேலே தொங்கவிடப் போகிறேன். கண் விழிக்கும்போது பார்க்கட்டும்.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணி,

பெட்டியை மெதுவாகத் திறங்கள். மேலே பழைய எக்ஸ்ரே தாள்களைச் சுற்றியிருக்கிறேன், பயந்துவிடாதீர்கள், எல்லாம் யாரோ எப்போதோ விட்டுப்போன படங்கள். உள்ளே பஞ்சு. அதற்கும் உள்ளே இறக்கை.

பசை அங்கங்கே திட்டுத் திட்டாக இருக்கும். எனக்கு எப்போதும் அப்படித்தான், அண்ணன் திட்டுவார். மற்றபடி நன்றாக வந்திருக்கிறது. இதுவரைக்கும் செய்ததிலேயே நல்ல இறக்கை இதுதான்.

தொங்கவிட்டதும் அவர் முகம் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். வேறெதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

குட்டி


ஏப்ரல் 8

அடி குட்டி,

நாசமாய்ப் போயிற்று!

பெட்டி வந்தது. கைகழுவிக்கொண்டு பக்தியோடு திறந்தேன். உன் இறக்கையை எடுத்து மேசையில் வைத்தேன், பக்கத்தில் என்னுடையதை வைத்தேன். உடலோடு சேர்கிற முனைகள் இரண்டையும் நடுவில் கொண்டுவந்து பார்த்தேன். ஒன்றின் தடித்த ஓரம் முன்னால் இருந்தால் இன்னொன்றுடையது பின்னால் போகிறது. சரி, திருப்பிப் போட்டேன். இப்போது வளைவு கீழே, தட்டை மேலே. இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, மேசையைச் சுற்றி வந்து, தலைகீழாக நின்று பார்த்தாலும் இரண்டும் வலது! இரண்டு காலுக்கும் வலது செருப்பு வாங்கி வந்தவள் மாதிரி நின்றேன்.

ஏண்டி, உன்னை யார் எண்ணெய்த் தாளில் செய்யச் சொன்னது? உனக்குத்தான் அது ஆகாதே! உனக்குச் சிரமம் வேண்டாமென்று நான் வீட்டிலிருந்த எண்ணெயைத் தாளில் கொட்டி, வாரக்கணக்கில் கையெல்லாம் பிசுபிசுவென்று, தலைகீழ் எண்களைக் கண்ணாடியில் பிடித்துப் படித்துப் படித்து அதைச் செய்தேன். சொன்னால் பெருமை அடித்துக்கொள்கிற மாதிரி ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் நீயும் வாயை மூடிக்கொண்டு அதையேதான் செய்திருக்கிறாய்.

எனக்கு வந்த ஆத்திரத்தில், "ஐயோ கடவுளே!" என்று ஒரு கத்து கத்திவிட்டேன். அடுத்த அறையிலிருந்து, "என்னாச்சு?" என்றார். அந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து கேட்டு எவ்வளவு நாளாயிற்று தெரியுமா? மறைத்து வைத்ததெல்லாம் மறந்துபோய், இரண்டு இறக்கையையும் தூக்கிக்கொண்டு போய் அவர் மடியில் போட்டேன். "பாருங்க, உங்க தங்கச்சியும் நானும் பண்ணின கூத்தை!"

எடுத்துப் பார்த்தார். ஒன்றைத் திருப்பினார். இன்னொன்றைத் திருப்பினார். பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிக்கிறார் குட்டி! சிரித்துச் சிரித்து இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, நான் முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. "ஒருத்தி காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் வலது இடது போட்டுப் படம் எடுக்கறா. ஒருத்தி காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் வலது கை இடது கை வெட்டறா. ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கு ரெண்டு வலது இறக்கை!" அதற்குள் மறுபடி சிரிப்பு. அவர் சிரிக்கிற சத்தம் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நான் அவர் கட்டிலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

பசைத் திட்டைத் தடவிப் பார்த்து, "இது குட்டி செஞ்சது" என்றார். என்னுடையதை ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தார். விரலால் தட்டிப் பார்த்தார். "நார் ஓடற பக்கமாத்தான் தேய்ச்சிருக்க" என்றார். நான் இரண்டையும் எடுத்துக்கொண்டு எழுந்தேன். கதவுகிட்டே போகும்போது கூப்பிட்டார்.

"இடது யார் செய்யறது?" என்றார்.

"தெரியலையே" என்றேன். தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"பலகையை எடுத்துட்டு வா. வேண்டாம், அந்த நாற்காலியைக் கொண்டா. மேசைக்கே போறேன்" என்றார்.

நாற்காலியில் கிடந்த துணி மூட்டையைத் தரையில் உருட்டிவிட்டேன், குட்டி. நாளைக்குக் கொடுக்க வேண்டிய சீருடை எல்லாம் அதில்தான் இருந்தது. போகட்டும், மறுபடி இஸ்திரி போட்டுக்கொள்ளலாம்.

அண்ணி


ஏப்ரல் 13

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். அங்கேயே வாய்விட்டுச் சிரித்தேன், அப்புறம் அங்கேயே ஓவென்று அழுதேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் எனக்கு ஏதோ துக்கம் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். என்ன பதில் சொல்வது? என் அண்ணன் சிரித்துவிட்டார் என்றா?

நிஜமாகவே சிரித்தாரா? இன்னொரு தடவை எழுதுங்கள். முதலில் தோள் குலுங்கியதிலிருந்து எழுதுங்கள்.

முதல் தடவை செய்கிறவருக்கு எண்ணெய்த் தாளைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் அதை நான் எடுத்துக்கொண்டேன். அண்ணன் எனக்குச் செய்ததை நான் உங்களுக்குச் செய்யலாம் என்று நினைத்தேன். உங்கள் மேல் அவ்வளவு கோபம் இருக்கும்போது எதற்கு அப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை. கோபம் இருந்தது, அதுவும் நிஜம். ஒவ்வொரு விலாவையும் கோபத்தோடுதான் நட்டேன். உங்கள் கடிதத்தில் எண்ணெய்க் கறையைப் பார்த்துவிட்டு மெஷின் எண்ணெய் என்று நினைத்த என் மூளையை என்ன செய்வது!

மேசைக்குப் போனாரா? உட்கார்ந்து செய்கிறாரா? முதுகுக்குத் தலையணை வைத்தீர்களா? பக்கத்தில் இருந்து பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை எனக்கு.

வரட்டுமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். கேட்க வரவில்லை. மூட்டையைக் கட்டுவது பெரிய வேலை இல்லை. ஆனால் வாசல் வரைக்கும் வந்து, நீங்கள் கதவைத் திறக்கும்போது, அன்றைக்கு நீங்கள் சொன்னதுதான் என் காதில் கேட்கும். அதைத் தாண்டி எப்படி உள்ளே வருவது என்று தெரியவில்லை.

உங்கள் குட்டி


ஏப்ரல் 28

என் குட்டிக்கு,

முதலில் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஆமாம், சிரித்தார். முதலில் தோள் குலுங்கியது. இப்போது தினமும் ஒரு தடவையாவது சிரிக்கிறார், அதுவும் என்னைப் பார்த்துத்தான்.

என் மேசை போயிற்று. அதில் பாதிக்கு மேல் உன் அண்ணன் கடை விரித்துவிட்டார். காலையில் கண் விழித்ததும் நாற்காலி கேட்கிறார். தலையணை வைத்தேன், பிடுங்கிப் போட்டார், மறுபடி வைத்தேன், இப்போது இருக்கிறது. என் குண்டூசியெல்லாம் அவர் பலகையில், என் இஸ்திரிப் பெட்டி அவர் இறக்கையின் மேல். வாடிக்கையாளர்களிடம் நடுவில் பேச்சுக் கொடுக்கிறார். மீன் முள் அம்மாவுக்குக் கிளைடர் எப்படிப் பறக்கும் என்று விளக்கம் சொன்னதில், அவர் வந்த வேலையை மறந்துவிட்டுப் போனார். நடுவில் இரண்டு நாள் பழையபடி சுருண்டு படுத்துக்கொண்டார், அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல், பலகையில் அவர் பாதியில் விட்டிருந்ததில் ஒரு விலாவைக் கோணலாக நட்டு, அவர் கண்ணில் படுகிற மாதிரி கட்டிலருகே வைத்தேன். எட்டிப் பார்த்துவிட்டுப் பொறுக்க முடியாமல் நாற்காலி கேட்டு மேசைக்கு வந்துவிட்டார்.

ஒன்றல்ல, இரண்டு இடது இறக்கை செய்து முடித்திருக்கிறார். வலது இரண்டு இருக்கும்போது இடது மட்டும் ஒன்று எதற்கு என்கிறார். ஆக இரண்டு கிளைடர். அவருடையதற்கு வலது பக்கம் நீ செய்தது. மரத்தோடு போன உன்னுடையதற்குப் பதிலாக இன்னொன்று, அதற்கு வலது பக்கம் நான் செய்தது. உடல்கூட இழைத்துக்கொண்டிருக்கிறார். நாம் செய்த இரண்டுமே எண்ணெய் குடித்துக் கொஞ்சம் கனமாம், அப்படியே விட்டால் வலது பக்கமாகவே சாயுமாம். ஈடு கட்ட அவருடைய இடது இறக்கைகளின் நுனியில் என்னிடமிருந்து சட்டைப் பித்தான் வாங்கி ஒட்டியிருக்கிறார். எடை பார்த்துப் பார்த்து, என் இறக்கை மாட்டுகிற உன் கிளைடருக்கு ஒன்று போதவில்லை என்று இரண்டு ஒட்டினார். எண்ணெயை நான் அவ்வளவு தாராளமாகவா ஊற்றினேன் என்று கேலி.

நேற்று ரிமோட்டைத் துடைத்து, பேட்டரி மாற்றச் சொன்னார். நீங்கள் இரண்டு பேரும் பறக்கவிடப் போகிற அந்த மேட்டு நிலத்துக்கு வண்டி ஏற்பாடு செய்தேன். கிளம்புகிற நேரத்தில், "எறியறதுக்கு ஆள் இல்லையே" என்றார். நான் எறிகிறேன் என்றேன். மேலேயும் கீழேயும் பார்த்தார். "நீ மெஷினைத் தள்ளற மாதிரி தள்ளுவ. குட்டி வரட்டும்" என்றார். உன் பேரைச் சொன்னார். அண்ணன் என்னைக் கேட்டாரா என்று நீ கேட்டதற்கு நான் இல்லையென்று எழுதினேனே, அதை இப்போது திருத்தி எழுதுகிறேன். கேட்டார். வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

நீ எழுதியதை நிறையத் தடவை படித்தேன். வாசல், கதவு, அந்த வார்த்தை. சொன்னதைச் சொல்லவில்லை என்று ஆக்க எனக்குத் தெரியாது. பிரித்துத் தைக்க அது துணி இல்லை. உன்னைக் கட்டிக்கொண்டு அழ வேண்டிய நேரத்தில் உன்னைத் துரத்திவிட்டேன். அந்தக் கோபத்தை யார் மேலாவது போட வேண்டியிருந்தது, நீ பக்கத்தில் இருந்தாய். அவ்வளவுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை.

உன் அறைக் கதவு திறந்திருக்கிறது. இப்போதெல்லாம் நானே மறக்காமல் திறந்து வைக்கிறேன். உன் கட்டிலில் விரிப்பு மாற்றியிருக்கிறேன். சனிக்கிழமை காற்று நன்றாக இருக்கும் என்று உன் அண்ணன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு சொல்கிறார்.

வாடி. என் கண்ணு முன்னாடி வந்து நில்லு.

அண்ணி